புரதம் கூடினா கொலஸ்ட்ராலும் கூடுமா? முயலும் எலியும் சொல்லும் பதில்!

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் புரதம் என்றாலே மீன்தான். சாளை, நெத்திலி, இறால், கணவாய் என்று ஏதாவது ஒன்று தட்டில் இருக்கும். ஜிம்முக்குப் போகிறவர் என்றால் வே புரோட்டீனும் சேர்ந்துகொள்ளும். ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடிவிட்டால், 'முதல்ல மீனை நிறுத்து' என்று வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள். புரதத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கா?

முயல் சொன்னது

1908-ல் ரஷ்யாவில் இக்னாடோவ்ஸ்கி என்ற மருத்துவர் முயல்களுக்கு இறைச்சி, பால், முட்டை கொடுத்தார். ரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்டன. காரணம் புரதம்தான் என்று நினைத்தார். 1913-ல் அனிச்கோவ், வெறும் கொலஸ்ட்ராலை எண்ணெயில் கலந்து கொடுத்தே அதே பாதிப்பைக் காட்டினார். பழி கொலஸ்ட்ரால் பக்கம் திரும்பியது.

கதை அதோடு முடியவில்லை. 1975-ல் கனடாவின் கரோல், ஹாமில்டன் இருவரும் கொலஸ்ட்ராலே இல்லாத உணவை முயல்களுக்குக் கொடுத்தார்கள். பால் புரதமான கேசின் சாப்பிட்ட முயல்களுக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியது. சோயா புரதம் சாப்பிட்டவற்றுக்கு ஏறவில்லை.

எலியும் உளுந்தும்

நம்ம பக்கத்திலும் ஆய்வு நடந்திருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் சரஸ்வதி தேவி, குருப் இருவரும் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் அதிகமுள்ள உணவு கொடுத்த எலிகளில் உளுந்தைச் சோதித்தார்கள். உளுந்தின் புரதம், மாவுப்பொருள் இரண்டுமே கொழுப்பைக் குறைத்தன என்று 1972-ல் எழுதினார்கள்.

அப்போ நமக்கு?

அவசரப்படாதீங்க. முயல் இலை தழை தின்னும் பிராணி. கொலஸ்ட்ரால் அதற்குச் சட்டென்று ஏறும். எலிக்கும் நாய்க்கும் அவ்வளவு சுலபத்தில் ஏறாது. பிராணிக்குப் பிராணி பதில் மாறும்போது, முயலின் முடிவை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. மனித ஆய்வுகளை அலசிய அமெரிக்க இதய சங்கம், தினசரி புரதத்தில் பாதியை சோயாவாக மாற்றினாலும் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். சுமார் 3 சதவிகிதம்தான் குறைகிறது என்று 2006-ல் சொன்னது.

தட்டில் என்ன செய்யலாம்?

* எல்.டி.எல்-ஐ அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. நெய், வனஸ்பதி, தேங்காய் எண்ணெய், கொழுப்புள்ள ஆட்டுக்கறியில் கவனம் வையுங்க.

* 100 கிராம் கணவாயில் சுமார் 230 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. நிறைவுற்ற கொழுப்போ 1 கிராம்கூட இல்லை. அளவாகச் சாப்பிடலாம். பொரிப்பதைவிடக் குழம்பு நல்லது.

* சாளையில் ஒமேகா-3 இருக்கிறது. அதை நிறுத்த வேண்டியதில்லை.

* வாரத்தில் சில நாள் உளுந்தங்களி, சுண்டல் சாப்பிடுங்க. நார்ச்சத்தும் கிடைக்கும்.

* குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், இப்போதே லிப்பிட் புரொஃபைல் பார்த்துவிடுங்க. உணவை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க, டாக்டரிடம் கேளுங்க.