பூச்சிமருந்துக்கு ஒரு பொதுப் பூட்டு

தென்னாற்காட்டுக் கிராமங்களுக்கு மனநோய் மருத்துவம் என்றால் நெடுங்காலம் சென்னைதான். 1794இல் அங்கே தொடங்கிய காப்பகம் பின்னாளில் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அவ்வளவு தூரம் போக வழியில்லாதவர்கள் கோயிலையும் தர்காவையும் நம்பினார்கள். 1985இல் சிதம்பரம் அண்ணாமலைநகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தபின் தொலைவு குறைந்தது. 2021இல் அது அரசுக் கல்லூரியாயிற்று.

ஆனால் வயற்காட்டு ஊர்களில் பூச்சிமருந்து மருத்துவரைவிட அருகில், வீட்டு இறவாணத்திலேயே இருந்தது. சாக நினைக்கும் வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும்; கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருந்தால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. சென்னையில் 1986இல் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் இந்த இடைவெளியைத்தான் நீட்டப் பார்த்தார்கள்.

களம் பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்த கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் வட்டாரம். பூச்சாகுபடி நடக்கும் எட்டு ஊர்கள் அடையாளம் காணப்பட்டன. பூவுக்கு மருந்து அடிக்காமல் முடியாது. குலுக்கல் முறையில் இரண்டு ஊர்கள் தேர்வாயின, வேறு இரண்டு ஒப்பீட்டுக்கு. தேர்வான ஊர்களில் ஊராரின் கையுதவியோடு இரு பொதுக் கிடங்குகள் எழுந்தன. உள்ளே, மருந்தை வீட்டில் வைக்காமல் இங்கே வைக்கப் பூட்டுப் பெட்டிகள். சுமார் 1,100 குடும்பங்கள் இதன் வரம்பில் வந்தன. மருந்து வீணாவதும் குறைந்தது என்றார்கள் விவசாயிகள்; கிடங்கை அவர்கள் ஏற்றுக்கொண்டதில் இந்தக் கணக்குக்கும் பங்கிருக்கும். ஒன்றரை ஆண்டுக்குப் பின் எடுத்த கணக்கெடுப்பில் பூச்சிமருந்துத் தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்திருந்தன. 2013இல் முடிவுகள் வெளியாயின. ஊர்கள் சில, தொடக்க நிலவரமும் ஊருக்கு ஊர் வேறு. எனவே இதை முன்னோட்டம் என்றே கொள்ள வேண்டும்.

இலங்கையில் அனுராதபுரத்தின் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், 2017இல் வந்த முடிவு பயன் காட்டவில்லை. பெட்டியும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தால் தாமதம் ஏது? அந்நாட்டில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்ததற்கு 1995 முதல் கொடிய நஞ்சுகளை விலக்கியதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

தமிழ்நாடு அரசும் 2023 தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 60 நாட்களுக்குத் தடை செய்தது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி நிரந்தரத் தடை ஒன்றிய அரசின் அதிகாரம்.