ஃபத்தன் துறைமுகமும் மாசிக் கருவாடும்

பெரியபட்டினத்துக் கடற்கரையில் இன்று காணக் கிடைப்பவை மணலும் தென்னையும் பனையுமே. எதிரே கிடக்கும் தீவுகளும் பவளப் பாறைகளும் அலையின் வேகத்தைத் தடுத்துவிடுவதால், மன்னார் வளைகுடா இங்கே குளம்போல் அடங்கியிருக்கும். இத்தகைய கரையில் ஒரு காலத்தில் சீனத்துப் பண்டங்கள் வந்திறங்கின என்பதை 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வு மெய்ப்பித்தது. 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் அங்கே கிடைத்தன.

இப்னு பதூதா தம் ரிஹ்லாவில் ‘ஃபத்தன்’ எனக் குறிக்கும் துறைமுகம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பருத்த தூண்களின்மீது எழுப்பப்பட்ட மரமண்டபம் ஒன்றையும், கல்லால் கட்டப்பட்ட அழகிய பள்ளிவாசலையும் அவர் அவ்வூரில் கண்டார். பகைவர் வரின் மரக்கலங்களை அம்மண்டபத்தோடு பிணைத்துவிடுவார்களாம். மண்டபமும் இன்றில்லை, அதன் தடமும் இல்லை. ‘பட்டினம்’ என முடியும் ஊர்கள் நம் கரையெங்கும் இருத்தலால், பெயரொப்புமை ஒன்றையே கொண்டு முடிவு கட்டுதல் தகாது என்பதே எம் கருத்தும்.

ஆனால் அதே நூலில், நாம் கவனியாது விட்ட சான்று ஒன்று உண்டு. ஃபத்தனுக்கு வருமுன் அவர் மாலத்தீவில் காழியாக இருந்தவர், ஹிஜ்ரி 745இல் (கி.பி. 1344) அங்கிருந்து புறப்பட்டு, இலங்கை வழியாக இக்கரையை அடைந்தார். மாலத்தீவினரின் உணவாகிய ஒரு மீனை அவர் விரிவாக வருணிக்கிறார். அதன் சதை சிவந்தது, கவிச்சி இல்லாதது, ஆட்டிறைச்சி போன்ற மணமுடையது. ஒவ்வொரு மீனையும் நான்காக அரிந்து, சிறிதே வேகவைத்து, ஓலைக் கூடைகளிலிட்டுப் புகையில் தொங்கவிடுவர். உலர்ந்தபின் அது ஹிந்துக்கும் சீனத்துக்கும் யமனுக்கும் ஏற்றுமதியாகும்.

கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ பிறந்த எவரும் இதைப் படித்தவுடன் ‘இது நம் மாசியன்றோ!’ என்பர். நம் கரையின் கருவாடு உப்பிட்டு வெயிலில் உலர்த்தப்படுவது. மாசியோ வேகவைத்துப் புகையூட்டப்பட்ட சூரை. கட்டைபோல் இறுகிப் பல மாதங்கள் கெடாதிருப்பதால் கப்பலோட்டிகளுக்கு உகந்த உணவாயிற்று. அதனை இடித்துத் தேங்காய், மிளகாய், வெங்காயம் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து செய்யும் மாசிச் சம்பலுக்கு நம் இல்லங்களில் உள்ள மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

பெயரைப் பாருங்கள். இப்னு பதூதா அம்மீனை ‘குல்புல் மாஸ்’ என்றெழுதினார். அரபி மட்டும் கற்ற நம் மாணவர் இதனைக் ‘கல்புல் மாஸ்’ எனப் படித்து, ‘வைரத்தின் இதயம்’ என்று பொருள் கூறக்கூடும்! உண்மையில் அது அத்தீவினரின் திவேஹி மொழிச்சொல். ‘மாஸ்’ என்றால் மீன். அச்சொல்லே நம் நாவில் ‘மாசி’ ஆயிற்று.

மாசி, இலங்கை வணிகத்தின் வழியே பிற்காலத்தில் வந்திருக்கவும் கூடும். எவ்வழி வந்திருப்பினும், நம் மூதாதையரின் கடல் தொடர்புகளை எழுதுவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் தேடும் அளவுக்கு இவ்வடுக்களைச் சொற்களைத் தேடவில்லை. மாசியை உரலில் இடிக்கும் பக்குவமும், அதனைச் சார்ந்த சொற்களும் அறிந்த மூதாட்டியர் இவ்வூர்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.