வெற்றி வீரன் ஏன் வீழ்கிறான்?

1975-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் போட்டி. ஒருபுறம் உலக வெற்றியாளர் முகம்மது அலி. மறுபுறம் ஜோ பக்னர். நம் நாட்டு வெயிலிலும் புழுக்கத்திலும் 15 சுற்றுகள் முழுமையாக நடந்த அந்தப் போட்டியில் நடுவர்கள் மூவரும் அலியே வென்றார் என்று தீர்ப்பளித்தார்கள். திகாம் பத்து, சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களில் அந்நாளில் பால்மரம் சீவிய தலைமுறையைக் கேட்டால், அலி மலேசியாவுக்கு வந்த கதையை இன்றும் சொல்வார்கள்.

அன்று அவருக்கு வயது 33. உலகமே அவரைக் கொண்டாடியது. ஆனால் அதே ஆண்டில்தான் அவருடைய சரிவும் தொடங்கியது. உச்சியில் நிற்கும் வீரன் எதனால் வீழ்கிறான்? அவனைவிடப் பலசாலி ஒருவன் வந்துவிடுவதுதான் காரணமா? அலியின் வரலாறு வேறு விடை சொல்கிறது.

முதல் காரணம், இழந்த காலம். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அந்த இளைஞர், 1964 பிப்ரவரியில் சோனி லிஸ்டனை வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார். அவருடைய உண்மையான கேடயம் கால்கள்தாம். எதிராளியின் கை வந்து சேருமுன் அவர் அந்த இடத்தில் இருக்க மாட்டார். வியட்நாம் போருக்காகப் படையில் சேர 1967 ஏப்ரலில் அவர் மறுத்தார். பட்டம் பறிபோனது, சண்டையிடும் உரிமமும் போயிற்று. 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் அவர் மேடை ஏறவில்லை. 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, போன இளமை வரவில்லை.

இரண்டாவது காரணம்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது. திரும்பி வந்த அலியின் கால்கள் முன்போல் ஓடவில்லை. ஆகவே அடியிலிருந்து தப்புவதற்குப் பதிலாக, அடியைத் தாங்கக் கற்றுக்கொண்டார். 1974 அக்டோபரில் கின்ஷாசா நகரில், கயிற்றில் சாய்ந்தபடி ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளை வாங்கி, அவர் களைத்தபின் எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். உலகம் அதை மாபெரும் தந்திரம் என்று புகழ்ந்தது. தந்திரம்தான், ஆனால் அதற்கு விலை உண்டு. பயிற்சியில்கூட உடன் ஆடுபவர்கள் தம்மைக் குத்த இடம் கொடுப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. தாங்கும் வலிமையே அவருக்குப் பகையாயிற்று.

1975-இன் கணக்கைப் பாருங்கள். மார்ச்சில் சக் வெப்னர், மே மாதம் ரான் லைல், ஜூலையில் கோலாலம்பூரில் பக்னர், அக்டோபர் முதல் தேதி மணிலாவில் ஜோ ஃபிரேசியர். ஆறு மாதங்களுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் 4 சண்டைகள்; மொத்தம் 55 சுற்றுகள்.

பால்மரத்தைப் பற்றித் தோட்டத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்தி பட்டையோடு நின்றால் மரம் பல ஆண்டுகள் பால் தரும். கட்டையில் பட்டால் காயம்; அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். ஓய்வே கொடுக்காமல் சீவினால் பால் வற்றிப்போகும். மனித உடலும் அப்படித்தான். மணிலாவில் 14 சுற்றுகள் முடிந்தபின் ஃபிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச், தம் வீரரை அடுத்த சுற்றுக்கு எழ விடவில்லை. அன்று தோற்றவர் ஃபிரேசியர். ஆனால் அவருக்கு 'போதும்' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

மூன்றாவது காரணம் இங்கேதான் வருகிறது. அலிக்கு அப்படிச் சொன்னவர்கள் இல்லையா? இருந்தார்கள். 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸ் என்னும் பயங்கரக் குத்துக்காரரோடு 15 சுற்றுகள் ஆடி அலி வென்றார். சண்டைக்குப் பிந்திய பரிசோதனை, அவருடைய சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் காட்டியது. பல ஆண்டுகள் கூடவே இருந்த மருத்துவர் ஃபெர்டி பசேகோ, நிறுத்தும்படி எச்சரித்தார். யாரும் செவிசாய்க்கவில்லை. மருத்துவர்தான் விலகிப் போனார், சண்டை தொடர்ந்தது.

ஏன் தொடர்ந்தது? ஒரு வெற்றியாளரைச் சுற்றி எத்தனை வயிறுகள்! ஏற்பாட்டாளர், மேலாளர், எடுபிடி, உறவு, நட்பு எல்லாருக்கும் அடுத்த சண்டை நடந்தாக வேண்டும். வீரனுக்கும் கைத்தட்டல் ஒரு போதை. 1978-இல் லியோன் ஸ்பிங்ஸிடம் தோற்று, அதே ஆண்டு அவரை வென்று, மூன்றாம் முறையாகப் பட்டம் பெற்றார் அலி. 1979-இல் ஓய்வையும் அறிவித்தார். அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் 1980 அக்டோபரில், 38 வயதில், 80 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் லாரி ஹோம்ஸை எதிர்த்து மேடை ஏறினார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர். அலியால் திருப்பி அடிக்க முடியவில்லை. பத்துச் சுற்றுகளுக்குப் பின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். 1981 டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றதோடு எல்லாம் முடிந்தது. 61 சண்டைகள், 56 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்தில் மூன்று, கடைசி நான்கு சண்டைகளில் வந்தவை.

1984-இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிவிக்கப்பட்டது. குத்துகள்தாம் நோய்க்குக் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை நடுங்கும் கையால் ஏற்றியபோது உலகம் கண்கலங்கியது. 2016 ஜூன் 3-ஆம் தேதி அவர் மறைந்தார்.

எல்லா வீரர்களும் இப்படித்தான் முடிய வேண்டுமா? இல்லை. ராக்கி மார்சியானோ 49 சண்டைகளிலும் வென்று, 1956-இல் தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்றார். அதற்கு முன், 1951-இல், அவரிடம் அடிபட்டு வீழ்ந்தவர் பழைய உலக வெற்றியாளர் ஜோ லூயிஸ். ஓய்வு பெற்றிருந்த லூயிஸை மீண்டும் மேடை ஏற்றியது வரிக்கடன். மேடை ஒன்றுதான், எப்போது இறங்குவது என்பதில்தான் வேறுபாடு.

இடித்துச் சொல்லும் பெரியோர் துணை இல்லாத அரசன், கெடுப்பதற்குப் பகைவர் இல்லாவிட்டாலும் தானாகவே கெடுவான் என்பது 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வள்ளுவர் தரும் எச்சரிக்கை. அலிக்கும் இது பொருந்தும். அவரிடம் அரசனின் புகழ் இருந்தது. இடித்துரைத்த குரல் வெளியேற, ஆமாம் போட்ட குரல்கள் உள்ளே தங்கிவிட்டன.

நம் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் பிள்ளைகள் காற்பந்து, சிலம்பம், கராத்தே, குத்துச்சண்டை என்று திறமை காட்டுகிறார்கள். வறுமையிலிருந்து மேலேற விளையாட்டு நல்ல ஏணிதான். பிள்ளை பதக்கத்தோடு வந்தால் மாலை போட ஊரே திரளும். அவன் முழங்கால் வீங்கியிருக்கும்போது, தலையில் அடிபட்டு மயங்கி எழுந்திருக்கும்போது, 'அடுத்த போட்டி வேண்டாம், ஓய்வெடு' என்று சொல்லும் ஆள் யார்? பெற்றோரோ, பயிற்சியாளரோ, யாரேனும் ஒருவர் அதைச் சொல்லத் துணிய வேண்டும். அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அப்படி ஒருவர் இருந்தால், மாலை வாடிய பின்னும் பிள்ளை நலமாக இருப்பான்.