பெருந்தொற்றும் பேறுகாலமும்: தில்லித் தமிழ்க் குடும்பங்களில் கணவனின் அச்சம்

கொள்ளைநோய்களின் வரலாறு பெரும்பாலும் இறப்புப் பதிவேடுகளைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. நோய் நுழையாத வீடுகள் அப்பதிவேடுகளில் இடம்பெறுவதில்லை. கருவுற்ற மனைவியும், அவளுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று உறக்கமின்றி இருந்த கணவனும் வாழ்ந்த வீடு அத்தகையது. அங்கே யாரும் இறக்கவில்லை. ஆயினும் அவ்வீட்டின் ஒன்பது மாதங்களை நோயே ஆட்சி செய்தது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் புதுதில்லி லோதி ரோட்டிலும் அதனைச் சூழ்ந்த அரசுக் குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் நிலையை மையமாகக் கொண்டு, இவ்வச்சத்தின் தன்மையும், அதற்கிருந்த அடிப்படையும், மரபு அதற்கு வகுத்திருந்த மாற்று எவ்வாறு பயனற்றுப் போயிற்று என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

மகப்பேற்று மனையும் கணவனும்

தமிழ் மரபில் மகப்பேறு பெண்டிரின் களமாகவே இருந்துள்ளது. நற்றிணையின் 40ஆம் பாடல் இதற்கு நல்ல சான்று. ஈன்ற அணிமை நீங்காத தலைவி நெய்யும் வெண்சிறுகடுகும் பூசிப் படுத்திருக்கிறாள். குழந்தை செவிலியின் அருகில் துயில்கிறது. காவலுடைய அம்மனையில் மணி ஒலிக்கிறது. தலைவனோ நள்ளிரவில் திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறான். இப்பாடல் பரத்தமை ஒழுக்கத்தைச் சுட்டுவது என்பது உண்மையே. எனினும், மகப்பேற்று மனையில் கணவனுக்கு முறையான நுழைவிடம் இல்லை என்னும் சமூகச் செய்தியும் அதனுள் அடங்கியுள்ளது.

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் தலவரலாறு இதனினும் தெளிவானது. பேறுகாலம் நெருங்கிய வணிகர் குலப்பெண் ஒருத்திக்குத் துணைசெய்யப் புறப்பட்ட தாய், காவிரிப் பெருக்கால் அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். சிவபெருமான் அத்தாயின் உருவில் வந்து மகப்பேறு பார்க்கிறார். வழி அடைபட்ட நிலையிலும் அம்மனைக்குள் செல்ல இறைவன் கொண்ட உருவம் தாயினுடையதே அன்றிக் கணவனுடையது அன்று. அக்கதையில் கணவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று எவரும் கேட்பதில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்னும் வழக்கத்தை இப்பின்னணியில் நோக்க வேண்டும். அது பெண்ணுக்கு ஓய்வளித்தது; அதனினும் நுட்பமாக, கணவனின் அச்சத்தை மனைவியின் கண்ணுக்கு அப்பால் நிறுத்தியது. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடித்து அவள் சென்றுவிட்டால், அவன் தொலைவிலிருந்து கவலைப்படலாம். அக்கவலையை ஆற்றும் பொறுப்பு அவள்மேல் விழாது.

1918ஆம் ஆண்டின் சான்று

அச்சம் எப்போதும் வீணானதா? 1918ஆம் ஆண்டு நச்சுக்காய்ச்சல் பற்றிய தரவுகள் இதற்கு எதிர்மறையாகவே விடை கூறுகின்றன. அவ்வாண்டின் நடுப்பகுதியில் பம்பாய் வழியாக இந்தியாவிற்குள் புகுந்த அந்நோய், செப்டம்பர் முதல் கடுமையான இரண்டாம் அலையாக எழுந்தது. இந்தியாவில் மட்டும் இறந்தோர் 1 கோடியே 20 இலட்சம் முதல் 2 கோடி வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921இல் 25.1 கோடியாகக் குறைந்தது. குடிமதிப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அதுவே. இளம்பெண்களின் இறப்பு ஆண்களின் இறப்பை விஞ்சியதையும், 1919இல் பிறப்புகள் பெரிதும் வீழ்ந்ததையும் மக்கள்தொகையியலார் சுட்டியுள்ளனர்.

கருவுற்ற பெண்களைப் பற்றிய தனிக்கணக்கு அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. ஜான் ஹாரிஸ் என்னும் மருத்துவர் 1919இல் வெளியிட்ட ஆய்வில், காய்ச்சல் கண்ட 1,350 கருவுற்ற பெண்களைப் பற்றிய செய்திகளைத் தொகுத்தார். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நிமோனியா கண்டது. நிமோனியா கண்டோருள் பாதிப்பேர் இறந்தனர். மொத்தத்தில் இறந்தோர் 27 விழுக்காடு. 1957ஆம் ஆண்டு ஆசியக் காய்ச்சலின்போது, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இறந்த மகப்பேற்று வயதுப் பெண்களுள் பாதிப்பேர் கருவுற்றிருந்தனர். அக்காய்ச்சல் இந்தியாவிற்குள் புகுந்ததே சென்னைத் துறைமுகத்தின் வழியாகத்தான். 'ரஜுலா' என்னும் கப்பலில் அது வந்தது. எனவே கணவனின் அச்சத்தை மனமயக்கம் என்று ஒதுக்கிவிட இயலாது.

தாய்வீட்டு ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் அக்காலமே காட்டுகிறது. இந்திக் கவிஞர் நிராலா 1918இல் வங்காளத்தில் இருந்தார். அவர் மனைவி மனோகரா தேவி, டல்மவு என்னும் ஊரில் தம் தாய்வீட்டில் இருந்தபோது நோயுற்றார். தந்தி கண்டு புறப்பட்ட நிராலா சென்று சேர்ந்தபோது மனைவி உயிருடன் இல்லை. அது பேறுகால இறப்பு அன்று. எனினும், தொலைவு அச்சத்தை மறைக்குமே ஒழிய ஆபத்தைத் தடுக்காது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகிறது.

லோதி ரோடும் தமிழரும்

1918இல் லோதி ரோடு இல்லை. சையது, லோதி மரபினரின் கல்லறைகளைச் சுற்றிக் கைர்பூர் என்னும் சிற்றூர் இருந்தது. 1936இல் ஊரார் அப்புறப்படுத்தப்பட்டு 'லேடி வில்லிங்டன் பூங்கா' அமைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அது லோதித் தோட்டம் ஆயிற்று. 1940களில் அரசு ஊழியருக்காக லோதி காலனி எழுந்தது. 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து வந்த தமிழ் எழுத்தர்கள், கணக்கர்கள் ஆகியோரின் வழித்தோன்றல்களும் பின்னர் வந்தோரும் இத்தகைய குடியிருப்புகளில் பரவினர். 1923இல் வேரூன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று லோதி எஸ்டேட்டில் உள்ளது.

இக்குடும்பங்களைத் தாய்வீட்டோடு பிணைத்தது இருப்புப்பாதை. 1930 முதல் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியும், 1976 முதல் தமிழ்நாடு விரைவு வண்டியும் சென்னைக்கும் தில்லிக்கும் இடையே ஓடின. சீமந்தம் முடிந்த மகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் வருவதும், அல்லது மாமியாரோ தாயோ ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்குவதும் தில்லித் தமிழரின் இயல்பான நடைமுறைகள். பேறுகாலத்தின் அறிவு, மருந்து, தைரியம் ஆகிய மூன்றும் அந்த வண்டிகளில்தான் வந்தன எனலாம்.

2020: அடைபட்ட வழி

2020 மார்ச் 22இல் பயணிகள் தொடர்வண்டிகள் நிறுத்தப்பட்டன. மார்ச் 25 முதல் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டு விமானங்களும் அன்றே நின்றன. மே 12இல்தான் தில்லியிலிருந்து சில நகரங்களுக்குச் சிறப்பு வண்டிகள் தொடங்கின. மே 25இல் விமானங்கள் பறந்தன. ஏழு வாரங்களுக்கு மேற்பட்ட இந்த இடைவெளி பிறருக்கு நெருக்கடி. ஏழாம் மாதத்தில் இருந்த பெண்ணுக்கோ அது பயணத்திற்குரிய காலம் முழுவதுமே. வழி திறந்தபோது அவள் பயணம் செய்யும் நிலையைக் கடந்திருந்தாள். இம்முறை காவிரி மட்டுமன்று, நாடு முழுவதும் வெள்ளமாக நின்றது.

அக்கரையில் நின்ற தாயின் இடத்தைக் கணவன் ஏற்க நேர்ந்தது. லோதி எஸ்டேட்டில் இந்திய அலுவலகம் கொண்டுள்ள யுனிசெஃப் நிறுவனம், பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட 2020 மார்ச் 11 தொடங்கி நாற்பது வாரங்களில் உலகில் 11.6 கோடிக் குழந்தைகள் பிறக்கும் எனவும், அவற்றுள் 2 கோடிக்கு மேல் இந்தியாவில் பிறக்கும் எனவும் மே மாதத்தில் கணித்தது. இத்தனை வீடுகளில் மரபு பயிற்றுவிக்காத ஒரு பொறுப்பை ஆடவர் திடீரென ஏற்றனர் என்பது எண்ணத்தக்கது.

அந்தப் பொறுப்பைச் சூழ்ந்த அச்சம் இருவகைப்பட்டது. ஒன்று, செயலுக்கு உதவிய அச்சம். பால் உறையைக் கழுவுதல், காய்கறியை வெயிலில் வைத்தல், வாயிலில் செருப்பைக் கழற்றுதல், அலுவலகம் சென்று வந்தால் நேரே குளியலறைக்குச் செல்லுதல் ஆகியன இவ்வகையின. இவற்றுள் சில தேவையற்றவை என்று பின்னர்த் தெரிந்தது. ஆயினும் அவற்றால் எவருக்கும் கேடில்லை. மற்றொன்று, மனைவியை வீட்டுக்குள் சிறைவைத்த அச்சம். மருத்துவமனையே நோயின் இருப்பிடம் என்று கருதிய கணவன், மாதாந்தரப் பரிசோதனையையும் ஸ்கேனையும் தள்ளிப்போடுமாறு வற்புறுத்தினான். இரத்த அழுத்தமும் குழந்தையின் வளர்ச்சியும் காலத்தில் பார்க்கப்படாவிடின் விளையும் கேடு தொற்றின் கேட்டிற்குக் குறைந்ததன்று. 2021இல் வெளிவந்த பன்னாட்டுத் தொகுப்பாய்வு ஒன்று, பெருந்தொற்றுக் காலத்தில் இறந்து பிறக்கும் குழந்தைகளும் தாய் இறப்பும் அதிகரித்தமையை நிறுவியது.

இங்கு மனைவியின் நிலை தனித்து நோக்கத்தக்கது. தன் உடலின் மாற்றங்களையும் தன் அச்சத்தையும் தாங்கிய அவள், கணவனின் அச்சத்தையும் சுமந்தாள். இருமினால் அவன் முகம் வாடும் என்று இருமலை அடக்கினாள். மூச்சு வாங்குவது எட்டாம் மாதத்தின் இயல்பு என்று அவனுக்கு விளக்கினாள். தேற்றப்பட வேண்டியவளே தேற்றுபவளானாள். மரபு தாய்வீட்டிற்கு அனுப்பியதன் பயன் இதுவே போலும் என்பது, அவ்வழி அடைபட்ட பின்னரே புலனாகிறது.

ஆற்றும் வழிகள் சிலவும் இருந்தன. 2020 மார்ச் 25இல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள், மருத்துவரைத் தொலைபேசியில் கலந்தாய்வதற்கு முறையான ஏற்பு வழங்கின. எந்தப் பரிசோதனைக்கு நேரில் வரவேண்டும், எதற்கு வேண்டா என்பதை மருத்துவர் வாயாலேயே கணவன் கேட்கும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. மனைவி நூறுமுறை கூறியும் தீராத ஐயம் மருத்துவர் ஒருமுறை கூறத் தீர்ந்தது; இல்லறத்தில் இது புதிதன்று. ஊரிலிருந்த தாய் கைப்பேசித் திரையில் தோன்றி ரசத்திற்கு மிளகு எவ்வளவு என்று மருமகனுக்குச் சொன்னாள். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தபோது அவன் அச்சம் அளவுக்குள் நின்றது.

எனினும், பிரசவ அறையின் வாயிலில் மரபும் தொற்றுத் தடுப்பும் ஒன்றாயின. அரசு மருத்துவ நிலையங்களில் பேறுகாலத் துணையை 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்திருந்தது. அவ்வாணை பெண் உறவினரையே முதன்மையாகக் கருதியது. தனிமறைவு உள்ள இடங்களில் மட்டும் கணவனுக்கு இடமளித்தது. பெருந்தொற்றின்போது துணையாள் எவரும் வேண்டா என்று பல மருத்துவமனைகள் விதித்தன. துணை வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்தியும் நடைமுறை மாறவில்லை. 2020 ஜூனில், தில்லியை அடுத்த நொய்டாப் பகுதியில் எட்டு மாதக் கருவுற்ற பெண் ஒருவர், பல மருத்துவமனைகள் ஏற்க மறுத்தமையால் பதின்மூன்று மணிநேரம் அலைந்து ஊர்தியிலேயே இறந்தார். உடனிருந்தவர் அவர் கணவர். இச்செய்தியைப் படித்த தலைநகர்க் கணவர்களிடம் 'வீணாக அஞ்சாதே' என்று எவரால் கூற முடிந்திருக்கும்?

2021: இரண்டாம் அலை

2021 ஏப்ரலில் லோதி ரோட்டின் பெயர் வேறொரு காரணத்தால் நாடெங்கும் ஒலித்தது. அங்குள்ள மின்மயானம், தொற்றால் இறந்தோரை எரியூட்டுவதற்கு ஒதுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. மயானத்திற்குச் செல்லும் வண்டிகளின் வரிசையைச் சாளரத்தின் வழியே கண்ட வீட்டில் அச்சத்தைக் கற்பனை என்பது பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கும் அதனையே உறுதிசெய்தது. தொற்றுற்ற கருவுற்ற பெண்கள், அண்மையில் ஈன்ற பெண்கள் 1,530 பேரை ஆய்ந்ததில், அறிகுறி கண்டோர் முதல் அலையில் 14.2 விழுக்காடு, இரண்டாம் அலையில் 28.7 விழுக்காடு. இறப்பு 0.7 விழுக்காட்டிலிருந்து 5.7 விழுக்காடாக உயர்ந்தது.

தடுப்பூசி இவ்வச்சத்திற்கு விசித்திரமான வடிவம் தந்தது. 2021 ஜனவரி 16இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில் கருவுற்ற பெண்கள் சேர்க்கப்படவில்லை. மே 1 முதல் 18 வயது நிரம்பிய அனைவருக்கும் ஊசி கிடைத்தது. காவல் நின்ற கணவன் கேடயம் பெற்றான். காக்கப்பட வேண்டியவள் பெறவில்லை. மே 19இல் பாலூட்டும் தாய்மார்க்கும், ஜூலை 2இல் கருவுற்ற பெண்களுக்கும் அனுமதி வழங்கப்பட்டது. ஏப்ரல் அலை எழுந்தபோது ஏழாம் மாதத்தில் இருந்தவர்கள் அதற்குள் பிள்ளை பெற்றிருந்தனர்.