சுருட்டுப் படையலும் மந்திரித்த எண்ணெயும்

இன்னைக்கு எபிசோடை ஒரு வெள்ளைக்காரப் பேயிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வருஷம் 1809. திருவிதாங்கூரில் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பிய சமயம். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருந்த அரணைப் பிடிக்க வந்த கம்பெனிப் படையில் போல் என்று ஒரு கேப்டன். சண்டையில் படுகாயம் பட்டு இறந்து போகிறார். திருநெல்வேலிச் சீமையில் ஒரு மணல்வெளியில் அவரைப் புதைக்கிறார்கள். கொஞ்ச வருஷம் கழிச்சுப் பார்த்தா, அந்தச் சமாதியில பூசை நடக்குது. படையல் என்ன தெரியுமா? சாராயமும் சுருட்டும். துரை உயிரோட இருந்தப்போ எதை விரும்பியிருப்பாரோ, அதையே குடுத்திருக்காங்க.

இதைப் பதிவு செய்தவர் ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதின அதே கால்டுவெல்தான். அதற்கு முன்னால், 1849-இல் நெல்லை நாடார்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அன்றைய சாதிப் பெயரையே தலைப்பாக வைத்த புத்தகம். அது கிளப்பிய கோபம் ஒரு தனிக் கதை, அதுக்குக் கடைசியில வரேன். போல் துரை கதை அதில்தான் வருகிறது.

கால்டுவெல்லுக்கு இது அறியாமைக்கு ஒரு சாட்சி. எனக்கு அதில் ஒரு தெளிவான கணக்கு தெரியுது. அகால மரணம் அடைந்தவருக்கு ஆத்திரம் இருக்கும். ஆத்திரம் இருந்தா சக்தி இருக்கும். அதைச் சாந்தப்படுத்தினா நமக்குக் காவல், விட்டுட்டா நமக்கு வினை. சுடலைமாடன், இசக்கி, பேச்சி எல்லாம் நிற்கிற வரிசையில்தான் போல் துரையும் போய் நின்றார். அவர் கிறிஸ்தவர் ஆச்சேன்னு யாரும் தயங்கலை.

சரி, இதை அப்படியே திருப்பிப் போடுங்க. கிறிஸ்தவர் ஒருத்தர் பேயாகி இந்தப் பக்கம் வர முடியும்னா, இந்தப் பக்கத்து ஜனங்க கிறிஸ்தவத்துக்குப் போகும்போது கையில் என்ன எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க? நெல்லையில் மதம் மாறுவதை 'வேதத்துக்கு வர்றது'ன்னு சொல்வாங்க. சர்ச் என்றால் வேதக்கோயில். வேதத்துக்கு வந்த குடும்பங்கள் தாயத்தையும் ஓதின தண்ணியையும் கண்ணேறு கழிப்பதையும் விட்டுட்டு வந்தாங்களா, மடியில கட்டிக்கிட்டு வந்தாங்களா?

என் பதில் இது. அவங்க வேதத்துக்கு வந்ததே பெரும்பாலும் பலமான ஒரு காவலைத் தேடித்தான். அதனால கை செய்யுற வேலை அதிகம் மாறலை. அழைக்கிற பேர் மாறிச்சு.

தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் புன்னைக்காயல். 1530-களிலேயே பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றுவிட்ட கடற்கரை. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தபோது ஜெபங்களை மனப்பாடமாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். ஊருக்கு ஊர் நோயாளிகள். 'வந்து ஜெபம் பண்ணுங்க'ன்னு ஓயாமல் கூப்பிடுறாங்க. ஒரே ஆள் எத்தனை வீட்டுக்குப் போவார்? ஜெபம் தெரிந்த சிறுவர்களை அனுப்பினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்கிறார். அதே சிறுவர்கள் வீட்டில் இருந்த பழைய சாமி உருவங்களை உடைத்து அவமதித்ததையும் அதே கடிதத்தில் பெருமையாக எழுதுகிறார்.

நோயாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பாருங்க. முன்னாடி ஒருத்தர் வந்து தலைமாட்டில் நின்னு, பாதி புரியாத வார்த்தைகளை ஓதிட்டுப் போவார். இப்போ ஒரு பையன் வந்து தலைமாட்டில் நின்னு, பாதி புரியாத வார்த்தைகளை ஓதிட்டுப் போறான்.

மொழியே இதைக் காட்டிக் கொடுக்குது. பழைய கத்தோலிக்கத் தமிழில் ஜெபத்துக்கு ஒரு பேர் 'மந்திரம்'. விசுவாச மந்திரம், அருள் நிறைந்த மந்திரம். செபமாலை வாங்கினா சாமியார்கிட்ட குடுத்து 'மந்திரிச்சு' வாங்கணும். மந்திரித்த எண்ணெய், மந்திரித்த தீர்த்தம். இப்போ புனிதப்படுத்துதல் என்று திருத்தமாக எழுதுகிறார்கள். பேச்சில் பழைய வார்த்தைக்கு இன்னும் உயிர் இருக்கு. இதே வார்த்தையை ஒரு சிஎஸ்ஐ வீட்டில் சொல்லிப் பாருங்க, முகம் சுளிப்பாங்க. அங்கே ஜெபம், விசுவாசப் பிரமாணம், அவ்வளவுதான்.

இந்த முகச்சுளிப்புக்கு ஒரு ஐரோப்பிய வரலாறு இருக்கு. ஐரோப்பாவிலும் பல்வலிக்கு ஒரு ஜெபம், மாட்டுக்கு ஒரு தீர்த்தம், கழுத்தில் ஒரு மெழுகுத் தகடு என்றுதான் ஜனங்க வாழ்ந்தாங்க. மதச் சீர்திருத்தம் வந்தபோது, இதில் எவ்வளவு மிச்சம் வைக்கலாம்னு ஒரு பெரிய சண்டை. இங்கிலாந்துத் திருச்சபை 1604-இல் போட்ட விதிகளில் 72-ஆவது, பிஷப்பின் அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டக் கூடாது என்கிறது. பத்து வருஷம் கழித்து, 1614-இல், ரோமாபுரி வெளியிட்ட சடங்கு நூலில் பேயோட்டுவதற்கு முழு முறையே இருக்கிறது. இந்த இரண்டு திருச்சபைகளும் கடைசியில் தாமிரபரணிக் கரையில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வந்து நின்றன.

சீர்திருத்தச் சபையின் கதை இங்கே பாளையங்கோட்டையில் தொடங்குது. கிளாரிந்தா 1778-இல் ஞானஸ்நானம் பெற்றார், 1785-இல் அவர் கட்டிய கோயில் எழுந்தது. அடுத்து 1799-இல் முதலூர். 1802-ஐ ஒட்டி கெரிக்கேயும் சத்தியநாதனும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்குள்ள பெரிய காய்ச்சல் கொள்ளைநோய் மாவட்டத்தையே அடித்தது. அந்தப் பயத்தில் பலர் பேய்க்கோயிலுக்கே திரும்பிப் போனதாக மிஷன் வரலாறுகள் வருத்தத்தோடு சொல்கின்றன. எனக்கு அதில் துரோகம் எதுவும் தெரியலை. காவல் கேட்டு வந்தாங்க, புது இடத்தில் காவல் கிடைக்கலைன்னு நினைச்சாங்க, பழைய வாசலைத் தட்டினாங்க.

1820-இல் ரேனியஸ் வந்த பிறகு ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். பல இடங்களில் பேய்க்கோயிலை இடித்துவிட்டு, அல்லது அந்தக் கட்டடத்தையே, ஜெபவீடாக மாற்றினார்கள். இடம் அதே இடம்தான்.

மிஷனரிகள் சொன்ன செய்தி: நீங்க பயப்படுற அந்தப் பேயெல்லாம் ஒண்ணுமே இல்லை. கால்டுவெல் கோமரத்தாடியின் ஆட்டத்தை வரிவரியாக எழுதியிருக்கிறார். மேளம் வேகம் எடுக்கிறது, பலி கொடுத்த ஆட்டின் ரத்தத்தை அவர் குடிக்கிறார், ஊர் சுற்றி நின்று குறி கேட்கிறது. ரொம்ப நல்ல எழுத்து, ஒப்புக்கணும். ஆனா குறி கேட்க வந்த தாயின் முகத்தில் அவர் அதிக நேரம் நிற்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் மட்டும் இதை எதிர்த்தார்கள் என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் ஜனங்களின் சகுன நம்பிக்கைகளைக் கேலி செய்தே 'சாஸ்திரக்கும்மி' பாடினார். வேடிக்கை என்னன்னா, அவரோட 'பெத்லகேம் குறவஞ்சி'யின் வடிவமே குறி சொல்லும் குறத்தியை நம்பி நிக்குது!

'பேயே இல்லை' என்ற பதிலில் ஒரு ஓட்டை உண்டு. பகலில் அது சரி. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்கு ஜன்னி கண்டா அந்தப் பதிலை வெச்சு என்ன செய்றது? உபதேசியார் வந்து ஜெபம் பண்ணுவார், போவார். கையில் பிடிச்சுக்க ஒண்ணும் இல்லை. அந்த இடத்தில்தான் வீடுகள் தங்களுக்குத் தாங்களே ஒரு வழி கண்டுபிடிச்சன.

எங்க வீடு பாளையங்கோட்டையில் பல தலைமுறையா சீர்திருத்தச் சபை. பிறந்த குழந்தையின் தலைமாட்டில் வேதாகமம் இருக்கும், 91-ஆம் சங்கீதத்தில் திறந்தபடி. படிக்க இல்லை, சும்மா திறந்து இருக்கணும். குழந்தை வீறிட்டு அழுதா ஆச்சி உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போடுவா. வாய் மட்டும் இயேசுவின் பெயரை முணுமுணுக்கும். "ஏன் ஆச்சி, இது மந்திரம் இல்லையா?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "போல கூறுகெட்டவனே, கர்த்தர் பேரைச் சொல்லித்தான சுத்துதேன்"னா. அவ அளவில் விஷயம் அத்தோட முடிஞ்சுது.

வீட்டு வைத்தியம் பலிக்கலைன்னா உவரி. திசையன்விளைக்குத் தெற்கே, கடற்கரையில் அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கத்தோலிக்கர், சிஎஸ்ஐக்காரர், இந்து எல்லாரும் இருப்பார்கள். பேய் பிடித்ததாகச் சொல்லப்படுபவர்கள் வாரக்கணக்கில் அங்கேயே தங்குவது உண்டு. தலைமுடி விரிந்து ஆடும்போது, உள்ளே இருப்பது யார் என்று கேட்பார்கள். பழைய தெய்வங்களின் பேர் வரும். பழைய சாமி இன்னும் வேலையில்தான் இருக்கு, பதவி மட்டும் இறங்கிடுச்சு: காவல் காத்த சாமி இப்போ அந்தோணியார் முன்னால் கூண்டில் நிக்குது.

சீர்திருத்தச் சபைக்கு உள்ளேயே இந்த அடைப்பு ஒரு தடவை உடைந்தது. ரேனியஸிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை என்ற ஊரை உருவாக்கினார். அன்றைக்கு அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். 1860-இல் அங்கே ஒரு எழுப்புதல். உடல் நடுங்கி விழுந்தார்கள், தரிசனம் கண்டார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். பெந்தெகொஸ்தே இயக்கம் அமெரிக்காவில் பேர் வாங்குவதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் முன்னால்! சில மிஷனரிகள் மகிழ்ந்தார்கள், சிலர் நெளிந்தார்கள். நெளிந்ததற்கு ஒரு காரணம் என் ஊகம்: தூரத்தில் நின்று பார்த்தால் கொடையில் அருள் வந்து ஆடுவதும் இதுவும் ஒரே மாதிரித்தானே இருந்திருக்கும்?

இதையெல்லாம் நான் ரசிச்சுப் பேசுறேன்னு தோணலாம். ரசிக்க முடியாத பக்கமும் இருக்கு. பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்படுபவர்களில் பெண்கள் அதிகம். கல்யாணம் பிடிக்காதவள், பிரசவத்துக்குப் பிறகு பேச்சை நிறுத்தியவள், மாமியாரைத் திட்டியவள். பேய் பேர்ல பேசினால்தான் அவளால் சிலதைச் சொல்லவே முடியும் என்பது உண்மை. அவளுக்கு வர வேண்டிய மருத்துவம் மாதக்கணக்கில் தள்ளிப்போவதும் உண்மை. ஒரே பெண்ணுக்கு ரெண்டும் நடக்கலாம்.

இது எந்த மதத்துக்கும் தனிச் சொத்து இல்லை. நெல்லைக்கு வெளியே, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு இப்போது சொல்கிறது.

அதனால ஆச்சியின் உப்பு மிளகாயையும் அந்தச் சங்கிலியையும் ஒரே மூட்டையா கட்டி 'மூடநம்பிக்கை'ன்னு லேபிள் ஒட்ட எனக்கு மனசு வரலை. ஆச்சி சுத்திப் போட்ட கையோட குழந்தையைத் தூக்கிட்டு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கும் போவா. காத்திருக்கிற வரிசையில் ஜெபமும் பண்ணுவா. அவளைப் பொறுத்தவரை மூணும் ஒரே வேலை. சங்கிலி பூட்டுற இடத்தில் அடுத்த கதவு எதுவும் திறந்து இருக்காது.

கால்டுவெல் புத்தகம் கிளப்பிய கோபம் பற்றிச் சொன்னேன் இல்லையா? அந்தக் கோபம்தான் அடுத்த எபிசோட். அருமைநாயகம் சட்டாம்பிள்ளை என்ற ஒரு நெல்லைக்காரர், 1857-இல் மிஷனை உதறிவிட்டு நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவர் சபை என்று ஒன்றைத் தனியாகத் தொடங்குகிறார், ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுச் சனிக்கிழமை ஓய்வுநாளோடு. உங்க வீட்டுல குழந்தைக்கு என்ன சொல்லிச் சுத்திப் போடுவாங்கன்னு அதுக்குள்ள பாட்டிகிட்ட கேட்டு எங்களுக்கு எழுதுங்க. வார்த்தை மாறாம அப்படியே எழுதுங்க.