அறியப்படாத போர்வீரர் கல்லறைக் காவல்

அறியப்படாத போர்வீரர் கல்லறைக் காவல் என்பது அமெரிக்க ஐக்கிய நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அமைந்துள்ள அறியப்படாத போர்வீரர் கல்லறையில் இரவும் பகலும் இடைவிடாது நடைபெறும் படைத்துறைக் காவல் மரபு ஆகும். போரில் இறந்து, யார் என அடையாளம் காண முடியாமற்போன வீரர்கள் இங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். 1937 சூலை முதல் இக்காவல் ஒரு மணி நேரமும் நிறுத்தப்பட்டதில்லை. 1948 ஏப்ரல் 6 முதல் அமெரிக்கத் தரைப்படையின் மூன்றாம் காலாட்படைப் பிரிவு இப்பொறுப்பை ஏற்று நடத்தி வருகிறது. 'பழைய காவற்படை' எனப் பெயர்பெற்ற இப்பிரிவு 1784 இல் தோற்றுவிக்கப்பட்டது. பணியில் உள்ள அமெரிக்கக் காலாட்படைப் பிரிவுகளுள் இதுவே மிகப் பழமையானது.

கல்லறையின் தோற்றம்

முதலாம் உலகப் போரில் பீரங்கிகளும் பதுங்கு குழிப் போர்முறையும் ஏற்படுத்திய அழிவு முன்னெப்போதும் காணாத அளவினதாக இருந்தது. இறந்தோரில் பலரது உடல்களை அடையாளம் காண இயலவில்லை. கல்லறையே இல்லாத குடும்பங்கள் தம் துயரை எங்கு சென்று ஆற்றுவது என்ற கேள்வி எழுந்தது. பெயர் தெரியாத ஒரு வீரரை அனைவரின் சார்பாகவும் நாட்டின் முதன்மையான இடத்தில் அடக்கம் செய்வது இதற்கு விடையாக அமைந்தது. அவர் யாருடைய மகன் எனத் தெரியாத காரணத்தால், எந்தத் தாயும் அவரைத் தன் மகனாகக் கருத முடியும். 1920 நவம்பர் 11 அன்று பிரித்தானியாவும் பிரான்சும் இத்தகைய விழாக்களை நடத்தின.

அமெரிக்கக் காங்கிரசு 1921 மார்ச் 4 அன்று இதற்கு ஒப்புதல் அளித்தது. பிரான்சில் உள்ள நான்கு அமெரிக்கப் போர் இடுகாடுகளிலிருந்து அடையாளம் தெரியாத நால்வரின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டு, ஒரே மாதிரியான நான்கு பேழைகளில் வைக்கப்பட்டன. 1921 அக்டோபர் 24 அன்று சாலோன்-சுர்-மார்ன் நகர மண்டபத்தில் எட்வர்ட் யங்கர் என்ற சார்ஜென்ட், அவற்றுள் ஒன்றின் மீது வெள்ளை ரோசா மலர்களை வைத்துத் தேர்ந்தெடுத்தார். அப்பேழை ஒலிம்பியா என்ற போர்க்கப்பலில் வாசிங்டனுக்குக் கொண்டு வரப்பட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. 1921 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் வாரன் ஹார்டிங் தலைமையில் ஆர்லிங்டனில் அடக்கம் நடைபெற்றது.

கல்லறையின் மேல் இன்று காணப்படும் வெண்பளிங்குப் பேழை 1932 இல் நிறைவு பெற்றது. லாரிமர் ரிச் இதன் கட்டடக் கலைஞர். தாமசு அட்சன் ஜோன்சு சிற்பி. கொலராடோ மாநிலத்துப் பளிங்கு இதற்குப் பயன்படுத்தப்பட்டது. கிழக்குப் பக்கத்தில் அமைதி, வெற்றி, வீரம் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. மேற்குப் பக்கத்தில், இங்கு உறங்கும் வீரர் யார் என்பதை இறைவன் மட்டுமே அறிவார் என்னும் பொருள்பட வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. 1958 மே 30 அன்று இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் ஆகியவற்றில் இறந்த அறியப்படாத வீரர்கள் இருவரும், 1984 மே 28 அன்று வியட்நாம் போரைச் சார்ந்த ஒருவரும் பேழைக்கு மேற்கே அடக்கம் செய்யப்பட்டனர்.

காவலின் தொடக்கம்

இன்று காணப்படும் சடங்குமுறை தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்ட ஒன்றன்று. முதல் சில ஆண்டுகளில் கல்லறைக்குக் காவலே இருக்கவில்லை. வாசிங்டன் நகரைக் காண உயரமான அவ்விடத்துக்கு வந்தோர் சிலர் கல்லறையின் மீது அமர்ந்து உணவருந்தினர், ஒளிப்படமும் எடுத்துக்கொண்டனர். இது குறித்து எதிர்ப்பு எழுந்ததால் 1925 நவம்பரில் குடிசார் காவலர் ஒருவர் அமர்த்தப்பட்டார். 1926 மார்ச்சில் பகல் நேரங்களில் படைவீரர்கள் காவல் புரியத் தொடங்கினர். 1937 இல் அது 24 மணி நேரக் காவலாக விரிவாக்கப்பட்டது. அவமதிப்பைத் தடுக்க ஏற்பட்ட எளிய ஏற்பாடே காலப்போக்கில் அஞ்சலியாக வளர்ந்தது எனலாம்.

காவல் நடை

கல்லறைக்கும் பார்வையாளர் நிற்கும் பகுதிக்கும் இடையே கருநிற விரிப்பு ஒன்று போடப்பட்டுள்ளது. இதன் நீளம் 63 அடி. காவலர் இதன் மீது பின்வரும் முறையில் நடக்கிறார்.

1. விரிப்பின் மீது தெற்கு நோக்கி 21 எட்டுகள் நடக்கிறார்.
2. கிழக்கே கல்லறையை நோக்கித் திரும்பி 21 நொடிகள் அசையாது நிற்கிறார்.
3. வடக்கு நோக்கித் திரும்பித் துப்பாக்கியை மறு தோளுக்கு மாற்றி, மேலும் 21 நொடிகள் நிற்கிறார்.
4. வடக்கு நோக்கி 21 எட்டுகள் நடந்து, மறுமுனையிலும் இதே முறையைப் பின்பற்றுகிறார்.

காவல் மாற்றம் வரும்வரை இது மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்படுகிறது. 21 என்னும் எண், படைத்துறை மரியாதைகளுள் மிக உயர்ந்ததான 21 குண்டு முழக்கத்தைக் குறிக்கிறது. துப்பாக்கி எப்போதும் பார்வையாளர் பக்கத்துத் தோளிலேயே தாங்கப்படுகிறது. கல்லறைக்கும் அதற்கு வரக்கூடிய எந்தத் தீங்குக்கும் இடையில் காவலர் நிற்கிறார் என்பதே இதன் பொருள். காவலர் பயன்படுத்துவது பயனெட் எனப்படும் முனைக்கத்தி பொருத்தப்பட்ட எம்-14 வகைத் துப்பாக்கி ஆகும். காலணிகளில் உலோகத் தகடுகள் பொருத்தப்பட்டுள்ளதால், ஒவ்வொரு திருப்பத்தின்போதும் குதிகால்கள் மோதும் ஒலி தெளிவாகக் கேட்கும்.

காவலர் பார்வையாளருடன் உரையாடுவதில்லை. ஆயினும் எவரேனும் தடுப்பைத் தாண்டினாலோ, உரக்கச் சிரித்தாலோ, அவர் நடையை நிறுத்தி, அமைதியும் மரியாதையும் காக்குமாறு உரத்த குரலில் எச்சரிப்பார்.

காவல் மாற்றம்

ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை அரை மணிக்கு ஒரு முறையும், அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை ஒரு மணிக்கு ஒரு முறையும் பகலில் காவல் மாற்றம் நடைபெறுகிறது. இடுகாடு மூடப்பட்ட பின்னர் இரண்டு மணிக்கு ஒரு முறை காவலர் மாறுகின்றனர்.

முதலில் காவல் மாற்றத் தலைவர் வந்து கல்லறைக்கு வணக்கம் செலுத்துகிறார். பின்னர் பார்வையாளரை எழுந்து நின்று அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்கிறார். புதிதாக வரும் காவலரின் துப்பாக்கியைத் தம் வெண்கையுறை அணிந்த கைகளால் பகுதி பகுதியாக ஆய்வு செய்கிறார். அதன் பின் மூவரும் விரிப்பின் நடுவில் சந்தித்து, அறியப்படாத வீரர்களுக்கு வணக்கம் செலுத்துகின்றனர். விடைபெறும் காவலர், பணியிடமும் கட்டளைகளும் முன்பு பணித்தவாறே தொடர்கின்றன எனக் கூற, புதிய காவலர் அதனை ஏற்றுக்கொண்டு நடையைத் தொடங்குகிறார்.

காவலர் தேர்வும் பயிற்சியும்

இப்பணிக்குத் தாமாக முன்வருவோர் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். தொடக்கத் தேர்வுக் காலத்தில் இடுகாட்டின் வரலாறு குறித்த ஏழு பக்கங்களை ஒரு சொல்லும் பிசகாமல் மனனம் செய்து ஒப்பிக்க வேண்டும். அதனைத் தொடர்ந்து நடை, துப்பாக்கி கையாளல், சீருடைப் பராமரிப்பு ஆகியவற்றில் மாதக்கணக்கில் பயிற்சி அளிக்கப்படுகிறது. அனைத்துத் தேர்வுகளிலும் தேறியவருக்குக் கல்லறைக் காவலர் வில்லை வழங்கப்படும். 1958 முதல் வழங்கப்பட்டு வரும் இது, தரைப்படையில் மிக அரிதாகக் கிடைக்கும் வில்லைகளுள் ஒன்று. கல்லறையின் மதிப்புக்கு இழுக்கு ஏற்படும் வகையில் நடந்துகொண்டால், பணியிலிருந்து விலகிய பின்னரும் இது திரும்பப் பெறப்படலாம். 1996 இல் முதன்முறையாக ஒரு பெண் இவ்வில்லையைப் பெற்றார்.

காவலர்கள் உயரத்தின் அடிப்படையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். இதனால் காவல் மாற்றத்தின்போது தோன்றும் அனைவரும் ஏறத்தாழ ஒரே உயரத்தினராக இருப்பர்.

பெயரின்மையும் பதவிக் குறியீடும்

விரிப்பின் மீது நடக்கும் காவலரின் சீருடையில் பதவிக் குறியீடு இருப்பதில்லை. அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்களின் பதவி என்னவென்று எவருக்கும் தெரியாது. எனவே காவல் புரிபவர் எந்நிலையிலும் அவர்களைவிட உயர்ந்த பதவியினராகக் காட்சியளிக்கக் கூடாது என்பது விதி. காவல் மாற்றத் தலைவருக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. பெயரும் பதவியும் அறியப்படாத வீரரை, பெயரும் பதவியும் வெளிக்காட்டாத வீரர் ஒருவர் காக்கிறார் என்பது இம்மரபின் தனித்தன்மை ஆகும்.

அடையாளம் காணப்பட்ட வீரர்

பெயரின்மையை அடிப்படையாகக் கொண்ட இம்மரபு 1998 இல் ஒரு சோதனைக்கு உள்ளானது. 1984 இல் அடக்கம் செய்யப்பட்ட வியட்நாம் போர்வீரர், 1972 மே 11 அன்று அன் லோக் அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட வான்படை லெப்டினன்ட் மைக்கேல் பிளாசி ஆக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. எலும்புகள் மீட்கப்பட்ட காலத்தில் அவை அவருடையவை என்றே முதலில் கருதப்பட்டன. உயரம், வயது பற்றிய கணிப்புகள் பொருந்தாததால் பின்னர் அடையாளம் தெரியாதவை என வகைப்படுத்தப்பட்டன. குடும்பத்தினர் உண்மையை அறியக் கோரினர். புனிதமாகக் கருதப்படும் ஒரு கல்லறையைத் திறப்பதா, பெற்ற தாய்க்கு மகனைத் திருப்பித் தருவதா என்பது எளிதில் முடிவு செய்யக்கூடியதாக இருக்கவில்லை.

1998 மே 14 அன்று கல்லறை திறக்கப்பட்டது. தாய்வழியே கடத்தப்படும் இழைமணி டி.என்.ஏ. சோதனை மூலம் அவர் பிளாசியே என்பது உறுதியானது. அதே ஆண்டு சூலை 11 அன்று அவர் செயின்ட் லூயிசில் உள்ள ஜெபர்சன் பேரக்சு தேசிய இடுகாட்டில், தம் பெயர் பொறித்த கல்லின் கீழ் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார். ஆர்லிங்டனில் அவர் இருந்த இடம் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. 1958 முதல் 1975 வரை காணாமற்போன படையினரை நினைவுகூரும் புதிய வாசகம் 1999 இல் அதன் மீது பொறிக்கப்பட்டது. டி.என்.ஏ. சோதனை வளர்ந்துவிட்டதால், இனி அறியப்படாத வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தேவை எழுவது அரிது. வெறுமையான அவ்விடமும் காவலின் எல்லைக்குள்ளேயே உள்ளது.

தவறான கருத்துகள்

கல்லறைக் காவலர்கள் வாழ்நாள் முழுவதும் மது அருந்தக் கூடாது, பொது இடங்களில் வாழ்நாள் முழுவதும் தகாத சொல் பேசக் கூடாது என்பன போன்ற செய்திகள் மின்னஞ்சல்களில் பரவலாகச் சுற்றி வந்தன. இவை உண்மையல்ல. 2003 செப்டம்பரில் இசபெல் புயல் வீசியபோது பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுமாறு இடப்பட்ட கட்டளையைக் காவலர்கள் மீறினர் என்ற கதையும் சரியன்று. ஆபத்து ஏற்பட்டால் உட்பகுதிக்குச் செல்ல அவர்களுக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. அதற்கான தேவை எழாததால் காவல் தொடர்ந்து நடைபெற்றது.

பிற நாடுகளில்

கிரேக்கத் தலைநகர் ஏதென்சில் நாடாளுமன்றத்தின் முன்னுள்ள கல்லறையை, மரபு உடை அணிந்த எவ்சோன்கள் எனப்படும் வீரர்கள் காக்கின்றனர். மாசுக்கோவில் கிரெம்ளின் மதிலருகே உள்ள கல்லறையில் 1997 முதல் நிலையான காவல் உள்ளது. பாரிசில் வெற்றி வளைவின் கீழ் 1923 நவம்பர் 11 அன்று ஏற்றப்பட்ட சுடர், ஒவ்வொரு மாலையும் தூண்டி எரியவிடப்படுகிறது.

இந்தியாவில், 1971 போரில் இறந்த வீரர்களின் நினைவாகப் புது தில்லி இந்தியா வாயிலில் அமர் சவான் சோதி 1972 சனவரி 26 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. முப்படை வீரர்களும் அதற்குக் காவல் புரிந்தனர். அச்சுடர் 2022 சனவரி 21 அன்று, 2019 பிப்ரவரி 25 இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் சுடருடன் இணைக்கப்பட்டது. அங்கு 25,000 க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பெயரே தெரியாத ஒருவரின் வழியே அனைவரையும் நினைப்பது ஆர்லிங்டன் முறை. ஒவ்வொருவரையும் பெயரால் நினைப்பது தில்லி முறை.

நூற்றாண்டு

2021 நவம்பரில் கல்லறையின் நூற்றாண்டு கடைப்பிடிக்கப்பட்டது. நவம்பர் 9, 10 ஆகிய நாட்களில் பொதுமக்கள் கல்லறையின் அருகே சென்று மலர் வைக்க அனுமதிக்கப்பட்டனர். ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் இத்தகைய வாய்ப்பு அளிக்கப்பட்டது அதுவே முதன்முறை. வழக்கமாகப் பொதுமக்கள் தடுப்புக்கு அப்பால் நின்றே காவல் மாற்றத்தைக் காணலாம்.