கணக்கு நம்பர் சரி, காடு எங்கே?

எந்தக் காடு யாருடையது என்று சொல்ல ஒரு காலத்தில் கர்ணமும் மணியக்காரரும் இருந்தாங்க. பரம்பரைப் பதவி. அநியாயமும் நிறைய நடந்திருக்கு. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஒழித்தது. அப்புறம் பரீட்சை எழுதி வந்த வி.ஏ.ஓ.க்கள் அந்த வேலையைப் பார்த்தாங்க.

2019 பிப்ரவரியில் பி.எம்.கிசான் வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணையா நேரா பேங்க் கணக்குக்கு. பிறகு விவசாயியே ஆன்லைனில் பதியலாம் என்று எளிமையாக்கினார்கள். நல்ல எண்ணம்தான். 2020 கொரோனா காலத்தில் அந்த வழியாகத்தான் திருட்டு நுழைந்தது.

"கொரோனா பணம் வருது, ஆதார் ஜெராக்ஸும் பாஸ்புக்கும் குடுங்க" என்று புரோக்கர்கள் ஆள் பிடித்தார்கள். நிலமே இல்லாதவர்கள் விவசாயி ஆனார்கள். வேளாண் துறை அலுவலர்களின் பாஸ்வேர்டை வைத்தே ஒப்புதலும் போட்டாச்சு. சுமார் 5.5 லட்சம் போலிப் பயனாளிகள், 110 கோடி ரூபாய் என்று அந்த செப்டம்பரில் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி சொன்னார். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூரோடு எங்க சேலம் மாவட்டமும் பட்டியலில் இருந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது.

பட்டணத்துல இருக்கிறவங்க இதை ஹேக்கிங்னு நினைச்சுக்காதீங்க. கணக்கு நம்பர் சரி, ஆதார் சரி, ஆளும் நிஜம். கணக்கு இவருடையதா என்பதைத்தான் பேங்க் பார்க்கும். இவருக்குக் காடு இருக்கா என்று அதற்கு எப்படித் தெரியும்? அதைப் பார்க்க வேண்டியவங்க சிட்டாவைப் பார்க்கலை.

போன பணத்தை அதே கணக்குகளிலிருந்து திரும்பப் பிடித்தார்கள். பணம் திரும்பிடும். புரோக்கர் கையில் இருக்கிற ஜெராக்ஸ்?

பேங்க் கணக்கோடு ஆதாரைக் கட்டாயம் இணைக்கச் சொல்லக் கூடாது, அரசு உதவிக்கு மட்டும் கேட்கலாம் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. எங்க வெள்ளக்கடையில் அந்த 'மட்டும்'தான் பெரும்பாதி.

இப்போ இ-கே.ஒய்.சி. கட்டாயம். காபி பறித்து, மண் கொத்தித் தேய்ந்த விரலில் ரேகை விழாது; ஓ.டி.பி.க்கு மலையில் சிக்னல் கிடைக்கிற பாறை தேடணும். 2023-ல் முகத்தைக் காட்டினால் போதும் என்று செயலி வந்த பிறகுதான் எங்க ஊர்ப் பெரியவங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனா செல்போனைப் பிடிச்சுக் காட்ட இன்னும் பேரன்தான் வேணும்.